சிகரமும் சுவடும்

மலையேறிகள் எடுத்த பிராணிப் படங்களுள் உலகமெல்லாம் அறிந்த படம் ஒன்று உண்டு. அந்தப் படத்தில் பிராணி இல்லை. 1951-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், எவரெஸ்டின்மேல் தெற்குப் பக்கமாக ஏற வழி உண்டா என்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த எரிக் ஷிப்டனும் மைக்கேல் வார்டும், சென் டென்சிங் என்னும் ஷெர்பாவும், மென்லுங் பனியாற்றின்மேல் வரிசையாகப் பதிந்து கிடந்த காலடிச் சுவடுகளைக் கண்டார்கள். சுவடுகளுள் தெளிவான ஒன்றைத் தேர்ந்து, அளவு தெரியும்பொருட்டு அதன் அருகே ஒரு முறை பனிக்கோடரியையும் மற்றொரு முறை வார்டின் பூட்ஸ் காலையும் வைத்து ஷிப்டன் படமெடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எத்தனையோ சிகரங்களைப் படம் பிடித்திருக்கிறார். அவற்றையெல்லாம் மலையேறும் கூட்டத்தார் மட்டுமே நினைவில் வைத்திருக்க, வெறும் பள்ளமாகிய இந்தச் சுவடு மாத்திரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்த விநோதத்தை நினைக்கும்போதெல்லாம், மலையேறும் சங்கங்களிலும் அவற்றின் ஆண்டு மலர்களிலும் படக் கண்காட்சிகளிலும் அவ்வப்போது தலைதூக்கும் ஒரு வழக்கு என் நினைவுக்கு வருகிறது. மலையேறுவோருக்கென்று ஏற்பட்ட இடத்தில் பாறையின் படமும் பனியின் படமும் ஏறிய பாதையின் படமும் இருக்கலாம். ஆட்டின் படத்துக்கும் பறவையின் படத்துக்கும் அங்கே என்ன வேலை என்பது ஒரு கட்சி. மலை என்பது கல் மட்டுமா, அதன்மேல் வாழும் ஜீவன்களைத் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன என்பது மறு கட்சி. முதற் கட்சியார் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு சிகரத்தின் வடக்கு முகத்தில் கயிற்றை எங்கே கட்டலாம் என்று தேடி வருகிறவனுக்கு, மலையடிவாரத்துச் சாலையில் கார் ஜன்னல் வழியாக எடுத்த குரங்கின் படம் ஒன்றுக்குப்பின் ஒன்றாக எதிர்ப்பட்டால் சலிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அவர்கள் தம் கட்சிக்கு மலையேற்றத்தின் பூர்வ சரித்திரத்தைச் சாட்சிக்கு அழைப்பார்களானால், அந்தச் சாட்சி மாறிப் பேசும் என்பதே என் அபிப்பிராயம்.

மலையேற்றம் பிறந்த இடமாகிய ஆல்ப்ஸ் மலைத்தொடரில், முதலில் உயரங்களுக்குப் போனவன் சிகரத்தைத் தேடிப் போகவில்லை. ஆட்டைத் தேடிப் போனான். ஷாமுவா என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைக்கும், நுனி வளைந்த கொம்புடைய மலையாடு, செங்குத்தான பாறைகளிலே மனிதன் கால் வைக்க அஞ்சும் விளிம்புகளில் மேயும் பிராணி. அதை வேட்டையாடியவர்கள் இருட்டிலே புறப்பட்டு, விடிவதற்குள் மந்தைக்கு மேலான உயரத்தை அடைந்து, நாட்கணக்கில் பாறை இடுக்குகளில் படுத்துறங்கி, பனிவெடிப்புகளைத் தாண்டித் திரிந்தார்கள். ஜெனீவா நகரத்து விஞ்ஞானியாகிய ஸொஸ்யூர் தம் ஆல்ப்ஸ் யாத்திரை நூலில் இப்படிப்பட்ட வேடன் ஒருவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவனுடைய பாட்டனும் தகப்பனும் இந்தத் தொழிலிலேயே மாண்டார்கள். தானும் இதிலேயே மாள்வது நிச்சயம் என்று அறிந்திருந்தும், வேட்டைக்குக் கொண்டுபோகும் பையையே தன் சவச்சீலை என்று சொல்லிக்கொண்டும், அதை விட்டுவிட அவனுக்கு மனமில்லை. பிற்காலத்து மலையேறிகளின் வைராக்கியத்தையும் பித்தையும் ஒருங்கே இந்த வேடனிடத்தில் காணலாம். வித்தியாசம், இவன் மனைவி மக்களுக்கு இறைச்சி கொண்டுவந்தான் என்பது ஒன்றுதான்.

அதே ஸொஸ்யூர் 1760-ஆம் ஆண்டில், மோன் பிளாங்க் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு தருவதாக ஷாமொனி கிராமத்தில் அறிவித்தார். கால் நூற்றாண்டு கடந்து, 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி, பக்கார் என்னும் கிராமத்து வைத்தியரும் ஜாக் பல்மா என்பவனும் அந்தச் சிகரத்தை அடைந்தார்கள். பல்மா யார் என்றால், ஷாமுவா வேட்டையும் பாறைகளில் ஸ்படிகம் பொறுக்குவதும் ஜீவனோபாயமாகக் கொண்டவன். கடைசியில் 1834-இல் தங்கம் தேடிப்போன இடத்தில் விழுந்து இறந்தவன். அவனுக்குப் பின் தோன்றிய வழிகாட்டிகளின் பரம்பரையிலும் வேடர்கள் அநேகர். பனியில் படி வெட்டுவதையும் பாறையின் உறுதியைக் காலால் அறிவதையும் இங்கிலாந்திலிருந்து வந்த கனவான்களுக்குக் கற்பித்தவர்கள் இவர்கள். இவர்களுக்குக் கற்பித்தவை ஆடுகள். ஆடு போன தடத்தில் வேடன் போனான், வேடன் போன தடத்தில் பிரபு போனார் என்பதே ஆல்ப்ஸின் ஆதிகால வம்சாவளி.

லண்டனில் 1857-ஆம் ஆண்டு ஆல்பைன் கிளப் என்னும் சங்கம் ஏற்பட்டது. உலகத்தில் மலையேறுவோருக்கென்று முதலில் தோன்றிய சங்கம் அதுதான். 1863-இல் அது தன் பத்திரிகையைத் தொடங்கியபோது, மலைச் சாகசங்களும் விஞ்ஞான அவதானிப்புகளும் அடங்கிய பதிவேடு என்னும் பொருள்படும் வாசகத்தைப் பெயருக்குக் கீழே அச்சிட்டுக்கொண்டது. ஆகவே, ஏறினவன் கண்ட செடியையும் ஜந்துவையும் பனியாற்றின் போக்கையும் எழுதிவைப்பது அந்தச் சங்கத்தின் ஸ்தாபக உத்தேசங்களிலேயே சேர்ந்தது. ஆயினும் வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது என்பதையும் மறைக்கக்கூடாது. லெஸ்லி ஸ்டீபன் என்னும் எழுத்தாளர், மலையேறுவது மலையேறும் ஆனந்தத்துக்காகவே என்ற கொள்கையுடையவர். உஷ்ணமானியையும் ஓஸோன் வாயுவையும் கட்டிக்கொண்டு அழுகிறவர்களை அந்த 1860-களிலே எழுத்தில் வைத்துக் கேலி செய்தார். பனியாறுகளின் இயக்கத்தை ஆராய்ந்தவரும், தாமே சிறந்த மலையேறியுமான பௌதிக நிபுணர் ஜான் டிண்டலுக்கு அந்தக் கேலி சுருக்கென்று தைத்தது. அவர் சங்கத்தை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். ஸ்டீபனுடைய எழுத்து இன்றும் சிரிக்க வைப்பது. டிண்டலின் கோபமோ சிறுபிள்ளைத்தனமானது. இருந்தாலும் இருவரில் யார் பக்கம் நிற்பது என்று கேட்டால், நான் தயக்கத்துடனாவது டிண்டலின் பக்கமே நிற்பேன். ஸ்டீபன் கேலி செய்தது அளவுகோலைத்தான், ஆட்டை அல்ல. ஆனால் அவருக்குப் பின்வந்த சீடர்கள் அளவுகோலோடு ஆட்டையும் சேர்த்து வெளியே துரத்தப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் பழைய மலைப்படங்களில் பிராணிகள் ஏன் இல்லை என்ற கேள்வி எழுவது நியாயம். அவற்றின் இன்மைக்குக் காரணம் கொள்கையன்று, ரசாயனம். 1861-இல் பிஸ்ஸான் சகோதரருள் ஒருவர் மோன் பிளாங்க் உச்சியில் படமெடுத்தபோது, கருவிகளைச் சுமக்க இருபத்தைந்து ஆட்கள் வேண்டியிருந்தது. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் திராவகத்தைப் பூசி, அது ஈரம் உலரும் முன்பே படம் எடுத்து, எடுத்த இடத்திலேயே கூடாரத்துக்குள் கழுவியாகவேண்டும். கழுவுவதற்கு வேண்டிய தண்ணீரைப் பனியை உருக்கித்தான் பெறவேண்டும். இத்தனை சடங்குகளும் முடிகிற வரையில் அசையாமல் நிற்கக்கூடியது மலை ஒன்றுதான். மலையாடு மோப்பத்திலேயே மனிதனை அறிந்து, அவன் முக்காலியை விரிப்பதற்கு முன் அடுத்த மலைக்குப் போயிருக்கும். அக்காலத்துப் படங்களில் பிராணி வருமானால், துப்பாக்கியை ஊன்றி நிற்கும் கனவானின் காலடியில் செத்த உடலாக வரும். அல்லது பஞ்சடைத்த பொம்மையாக வரும். உலர்ந்த தகடுகளும், விரைந்து மூடித் திறக்கும் கதவுடைய காமிராக்களும், தொலைவிலிருந்து இழுத்துக் காட்டும் கண்ணாடிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஒவ்வொன்றாக வந்த பிறகே, உயிரோடு இருக்கும் பிராணியைப் படமாக்குவது என்ற எண்ணமே சாத்தியமாயிற்று. வேட்டைக்காரனுடைய கையிலிருந்து துப்பாக்கி நழுவி அந்த இடத்தில் காமிரா வந்து அமர்ந்த சரித்திரமும் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த இடத்தில், வடமேற்கு இத்தாலியிலுள்ள கிரான் பரடிஸோ மலையின் கதையைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. ஐபெக்ஸ் என்னும், வளைந்து பின்னோக்கிச் சாய்ந்த பெருங்கொம்புடைய மலையாடு ஒரு காலத்தில் ஆல்ப்ஸ் முழுவதிலும் திரிந்தது. அதன் இறைச்சியை மட்டுமல்ல, இரத்தத்தையும் கொம்பையும்கூட ஔஷதம் என்று நம்பிய ஜனங்கள் அதை ஏறக்குறைய நிர்மூலமாக்கிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது எஞ்சியிருந்தது கிரான் பரடிஸோவைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் மட்டுமே. 1821-இல் அதை வேட்டையாடலாகாது என்று உத்தரவு பிறந்தது. 1856-இல் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் மன்னர் அந்த மலைப்பகுதியைத் தம்முடைய வேட்டைக்காடாக ஒதுக்கிக்கொண்டார். ஜீவகாருண்யம் அல்ல அவருடைய நோக்கம். பிறர் சுடக்கூடாது, தாம் சுடவேண்டும் என்பதே. ஆனாலும் பிறர் சுடாதபடி காவலர்களை வைத்ததனால் ஆடுகள் பெருகின. மன்னர் குதிரைமேலிருந்து இறங்காமலே உயரங்களை அடையும்படி, மலைச்சரிவுகளில் கோவேறு கழுதைப் பாதைகளை வளைத்து வளைத்துப் போட்டார்கள். 1860-இல் அந்தச் சிகரத்தின்மேல் முதன்முதல் மனிதர் ஏறினர். அதன் பிறகு ஏறினவர்களும், இன்று மலைவிடுதிகளுக்கு நடந்து போகிறவர்களும் அநேகமாக அந்த ராஜபாட்டைகளிலேதான் போகிறார்கள். ஆட்டுக்காக அமைந்த பாதையில் நடந்துகொண்டே ஆட்டின் படத்துக்கு இங்கே இடமில்லை என்று சொல்வது எவ்வளவு பொருத்தம்!

கதை அத்துடன் முடியவில்லை. சுவிட்சர்லாந்துக்காரர்கள் தம் மலைகளில் மறைந்துபோன ஐபெக்ஸை மீண்டும் குடியேற்ற விரும்பி இத்தாலிய மன்னரிடம் ஜோடிகளைக் கேட்டார்கள், மன்னர் மறுத்துவிட்டார். 1906-இல் திருட்டு வேட்டைக்காரர்களைக்கொண்டு கிரான் பரடிஸோவிலிருந்து குட்டிகளைக் களவாடி எல்லை கடத்தி வந்து வளர்த்தார்கள்; அவற்றின் சந்ததியை 1911 முதற்கொண்டு மலைகளில் விடலானார்கள். அரசாங்கமே வாங்கிக்கொண்ட திருட்டுச் சொத்து ஆட்டுக்குட்டியாக இருந்தது சரித்திரத்தில் அபூர்வம். 1922-இல் அந்த வேட்டைக்காடு இத்தாலியின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945-இல் எண்ணிப் பார்த்தபோது 419 ஆடுகளே மிஞ்சியிருந்தன. இன்று ஆல்ப்ஸின் எந்த மூலையில் ஐபெக்ஸ் நின்றாலும் அது இந்த ஒரு மலையின் சந்ததியே.

இமயத்துக்கு வருவோம். 1921-இல் எவரெஸ்டைத் தேடிப் புறப்பட்ட முதல் கோஷ்டியில் வைத்தியராகப் போன உல்லாஸ்டன், பிராணி நூலும் செடி நூலும் அறிந்தவர். அடுத்த ஆண்டு போன லாங்ஸ்டாஃப் அப்படியே. 1924-இல் போன ஹிங்ஸ்டனும் அப்படியே. வைத்தியர் என்றால் இயற்கை நூலாசிரியராகவும் இருக்கவேண்டும் என்பது எழுதாத விதிபோல் இருந்தது. 1921-இல் லக்பா லா கணவாயின் பனியில் பெரிய காலடிகள் தெரிந்தபோது, தலைவர் ஹோவர்டு பரி அவை ஓநாயின் தடமாக இருக்கலாம் என்று நிதானமாகவே எழுதினார். உடன்வந்த சுமைகாரர்கள் சொன்ன ஒரு பெயரைக் கல்கத்தாப் பத்திரிகையாளர் ஒருவர் தப்பும் தவறுமாக மொழிபெயர்த்து, அருவருக்கத்தக்க பனிமனிதன் என்று உலகத்துக்கு விட்டுவிட்டார். முப்பது ஆண்டு கழித்து ஷிப்டனுடைய படம் அந்த வித்திலே நீர் வார்த்தது.

இந்த மூன்று யாத்திரைகளிலும் என் மனத்தை மிகவும் கவர்வது ரோங்பூக் பள்ளத்தாக்கு. எவரெஸ்டின் வடபுறத்தில், பதினாறாயிரம் அடிக்கு மேல் ஒரு பௌத்த மடம். அதைச் சுற்றிலும் குகைகளில் தனித்துத் தவமிருக்கும் துறவிகள். அந்தப் பள்ளத்தாக்கில் எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்பது மடத்தின் கட்டளை. அதன் பயனாக, வேறிடங்களில் அரை மைல் தூரத்திலேயே ஓடி மறையும் பரல் என்னும் நீலச்சாயல் மலையாடுகள், இங்கே துறவிகளின் குகை வாயிலில் வந்து கையிலிருந்து தீனி வாங்கித் தின்றன. இதைப் பார்த்து வியந்து எழுதியவர்கள், பிற இடங்களில் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காத ராணுவ உத்தியோகஸ்தர்கள். 1922-இல் கோஷ்டித் தலைவர் ஜெனரல் புரூஸிடம் மடத்தலைவர், தம் பள்ளத்தாக்கில் பிராணிகளைக் கொல்லலாகாது என்று கேட்டுக்கொள்ள, புரூஸ் வாக்குக் கொடுத்தார். உலகத்தின் மிக உயர்ந்த மலைக்குப் போகும் வழியில், மலையேறிகளிடம் முதலில் வாங்கப்பட்ட உறுதிமொழி ஆடுகளைப் பற்றியது என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஹிங்ஸ்டன் கண்டுபிடித்தது அதைவிடச் சிறிய ஜீவன். 1924-இல் எவரெஸ்டுச் சரிவுகளில் 22,000 அடி உயரத்தில், புல் பூண்டு ஒன்றுமில்லாத பாறைக் கற்களுக்கிடையே, தத்திச் செல்லும் சிறு சிலந்திகளை அவர் பிடித்தார். செடியே முளைக்காத இடத்தில் சிலந்தி எதைத் தின்று உயிர் வாழ்கிறது? ஒன்றையொன்று தின்கின்றனவோ என்றுகூட நினைத்தார்கள். இந்தப் புதிருக்கு விடை 1954-இல் மக்காலு மலைக்குப் போன அமெரிக்கக் கோஷ்டியில் இருந்த லாரன்ஸ் சுவான் என்னும் உயிர்நூலாரின் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. சமவெளிகளிலிருந்து காற்று அள்ளிவரும் மகரந்தமும் விதைத்துகளும் மட்கிய சருகின் பொடியும் பாறை இடுக்குகளில் படிகின்றன. அவற்றைத் தின்னும் கண்ணுக்கரிய பூச்சிகள் உண்டு. அந்தப் பூச்சிகளைச் சிலந்தி தின்கிறது. ஆக, நம்முடைய வயல்வரப்புகளிலிருந்து எழும் தூசியே அந்த உயரத்தில் அன்னமாகப் பரிமாறப்படுகிறது. 1975-இல் அந்தச் சிலந்திக்குச் சாஸ்திரப் பெயரிட்டவர், எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது என்று பொருள்படும் லத்தீன் அடைமொழியை அதற்குச் சூட்டினார். மலையேறிகளாகிய மல்லோரியும் இர்வினும் மறைந்துபோன அதே ஆண்டில், அதே மலையில் கிடைத்த செய்தி இது; முன்னதைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு, பின்னதை அறிந்தவர் சிலர்.

ஷிப்டனின் சுவட்டுக்குத் திரும்புவோம். அந்தப் படம் வெளிவந்தபின், பத்திரிகைகள் பணம் போட்டுப் பனிமனிதனைத் தேட ஆளனுப்பின; 1954-இல் லண்டன் டெய்லி மெயில் அனுப்பிய பெருங்கோஷ்டி வெறுங்கையோடு வந்தது. 1960-இல் எட்மண்டு ஹில்லரியே புறப்பட்டார். உயர்ந்த இடத்தில் மனித உடல் படும்பாட்டை ஆராய்வது அந்த யாத்திரையின் ஒரு காரியம், பனிமனிதனைத் தேடுவது மற்றொன்று. சிகாகோ மிருகக்காட்சிசாலையின் தலைவர் மார்லின் பெர்கின்ஸும் உடன் போனார். கும்ஜுங் கிராமத்து மடத்தில் பனிமனிதனின் மண்டைத்தோல் என்று பூஜையோடு வைத்திருந்த ஒரு தோற்குல்லாயை, ஆறு வாரத்துக்குள் திருப்பித் தருவதாக வாக்களித்து, கிராமப் பெரியவர் குஞ்ஜோ சும்பியையும் உடனழைத்துக்கொண்டு, சிகாகோவுக்கும் பாரிஸுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோய்க் காட்டினார் ஹில்லரி. செரோ என்னும் மலையாட்டின் தோலை வளைத்துச் செய்தது அது என்று நிபுணர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆகக்கடைசியில் பனிமனிதனும் ஆடாகவே முடிந்தான்.

இல்லாத பிராணியின் சுவட்டுக்கு இத்தனை பிரசித்தி கிடைத்த காலத்தில், அதே மலைகளில் உண்மையாகவே திரிந்த பனிச்சிறுத்தையைக் காட்டில் வைத்து ஒருவரும் படம் பிடித்ததில்லை. சிவாலிக் காடுகளில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அதிகாரி, புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் குறுக்கே கட்டி, அதன் கால் பட்டவுடன் விளக்கு எரிந்து காமிரா திறக்கும்படி செய்து, 1920-களிலேயே இரவுப் புலிகளைப் படமெடுத்துப் புத்தகமும் போட்டுவிட்டார்; ஆனால் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே அந்த உபாயம் வெகுகாலம் எட்டவில்லை. ஜார்ஜ் ஷாலர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-இன் குளிர்காலத்தில், பாகிஸ்தானின் சித்ரால் மலைகளில், ஆட்டைக் கட்டிப்போட்டுக் காத்திருந்து, பனி பொழியும் சரிவில் ஒரு பெண் சிறுத்தையைப் படம் பிடித்தார். அடுத்த ஆண்டு அந்தப் படங்கள் நேஷனல் ஜியோகிராபிக் பத்திரிகையில் வெளிவந்தபோதுதான், பனிச்சிறுத்தை தன் வீட்டில் எப்படி இருக்கும் என்பதை உலகம் கண்டது. 1973-இல் ஷாலர் பரல் ஆடுகளை ஆராய நேபாளத்து டோல்போவுக்குப் போனபோது எழுத்தாளர் பீட்டர் மாத்தியெசனும் உடன் சென்றார். பனிச்சிறுத்தை என்ற பெயரிலேயே மாத்தியெசன் 1978-இல் எழுதிய புத்தகம் பெரும்புகழ் பெற்றது. அந்த யாத்திரையில் அவர் சிறுத்தையைக் காணவே இல்லை. தடத்தையும் எச்சத்தையும் மட்டும் கண்டு திரும்பினார்.

இவ்வளவும் பிராணிகளால் மலையேற்றத்துக்குக் கிடைத்த அலங்காரங்கள் என்று ஒருவர் தள்ளிவிடலாம். நந்தாதேவியின் கதையை அப்படித் தள்ள முடியாது. எழுபது மைல் சுற்றளவில் சிகரங்கள் கோட்டைமதிலாகச் சூழ்ந்த அந்த மலைக்குள் புக, ரிஷிகங்கை அறுத்துக்கொண்டு வெளிவரும் பயங்கரமான மலைப்பிளவு ஒன்றே வழி. 1934-இல் ஷிப்டனும் டில்மனும் மூன்று ஷெர்பாக்களும் அதன் வழியே நுழைந்து உள்ளே போனபோது, மனிதக் காலடி படாத புல்வெளிகளில் பரல் மந்தைகள் மேய்ந்துகொண்டிருக்கக் கண்டார்கள். 1936-இல் டில்மனும் ஓடெல்லும் சிகரத்தையும் அடைந்தார்கள்; 7,816 மீட்டர் உயரமுள்ள அதுதான், 1950-இல் அன்னபூர்ணா வெல்லப்படும் வரையில், மனிதர் ஏறிய சிகரங்களுள் உயர்ந்தது. 1939-இல் அந்தப் பிரதேசம் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 1974-இல் அயல்நாட்டுக் கோஷ்டிகளுக்குக் கதவு திறந்தது. திறந்தவுடன் ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக ஏறுவோரும், அவர்களுக்குச் சுமை தூக்குவோரும், சுமைதூக்கிகளின் அடுப்புக்கு ஜூனிப்பர்ப் புதர் வெட்டுவோரும், இடைப்பட்ட சந்தில் கஸ்தூரி மானுக்குக் கண்ணி வைப்போரும் உள்ளே போனார்கள். எட்டு ஆண்டு போதுமானதாயிற்று. 1982-இல் அதைத் தேசியப் பூங்காவாக்கி, மலையேறிகளை அடியோடு விலக்கிக் கதவைச் சாத்திவிட்டார்கள். 1993-இல் இந்திய ராணுவத்தாரும் விஞ்ஞானிகளும் சேர்ந்து உள்ளே போய், பழைய முகாம்களில் கிடந்த குப்பையைச் சுமந்து வெளியே கொண்டுவந்ததோடு, பிராணிகளையும் செடிகளையும் கணக்கெடுத்தார்கள். ஏறுவோருக்கு அந்தச் சிகரம் இன்றளவும் எட்டாததாக இருப்பதற்கு, பனிச்சரிவோ புயலோ காரணமில்லை. அங்கே மேயும் ஆடும் மானுமே காரணம். இவற்றைப் பற்றி அறியாமல் நந்தாதேவியைப் பற்றி ஏதேனும் அறிந்ததாக ஒரு மலையேறி சொல்லிக்கொள்ளக்கூடுமா?

நம்முடைய முன்னோருக்கு இந்தச் சந்தேகமே எழுந்ததில்லை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாத் தலைவனாகிய நன்னனிடம் பரிசில் பெறப்போகும் கூத்தருக்கு மலைவழி சொல்லும் நூல். இக்காலத்து மலையேறிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பாதைக் குறிப்புக்கும் அதற்கும் வித்தியாசம் சொற்பமே. எங்கே பாறை வழுக்கும், எங்கே குழியில் பாம்பு கிடக்கும், பன்றிக்கு வைத்த கற்பொறி எங்கே இருக்கும், யானையை விரட்டத் தினைப்புனத்தார் கவணால் எறியும் கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றெல்லாம் அந்தப் புலவர் எச்சரிக்கிறார். மலைக்கும் அதன் பிராணிக்கும் நடுவே கோடு கிழிப்பது அவருக்குத் தெரியாது. நூலின் பெயரே மலையை யானையாகவும் அதன் ஓசையை மதமாகவும் பாவித்ததுதானே.

இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடியும் யானையின் பெயரால்தான் வழங்குகிறது. 2,695 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின்மேல் 1862-இல் ஏறியவர் சென்னைப் படையைச் சேர்ந்தவரும் பிற்காலத்தில் ஜெனரலானவருமான டக்ளஸ் ஹாமில்டன். எழுத்தில் பதிவான முதல் ஏற்றம் அதுவே. அவர் தீராத வேட்டைக்காரர். தென்னாட்டு மலைமுகடுகளில் ஐரோப்பியச் சிப்பாய்களைக் குடிவைக்கத் தக்க இடங்கள் உண்டா என்று அரசாங்கம் அறிய விரும்பியபோது, அம்மலைகளைச் சித்திரமாக வரைந்து கொடுக்க நியமிக்கப்பட்டவரும் அவரே. ஒரே தோளில் துப்பாக்கியும் வரைபலகையும் தொங்க மேலேறிய அந்த மனிதர், மலையை ஒரு கட்டிலும் பிராணியை ஒரு கட்டிலுமாகப் பிரித்துவைத்துக்கொள்ளவில்லை. அவருடைய வேட்டைக் குறிப்புகள் பிற்காலத்தில் புத்தகமானபோது, அவர் வரைந்த சித்திரங்களும் அதில் இடம்பெற்றன. அவர் துரத்திய வரையாட்டின் மந்தைகள் இன்று அதே மலையில், இரவிகுளம் பூங்காவின் பாறைகளில், துப்பாக்கியை மறந்து மேய்கின்றன. ராஜமலைப் பக்கம் போகிறவர்கள் பத்தடி தூரத்தில் நின்று அவற்றைப் படமெடுக்கிறார்கள். ஆடு அசைபோட்டபடி அவர்களைப் பார்க்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் குட்டி போடும் காலம் வந்தால், படம் எடுக்க வருகிறவர்களுக்கும் மலை பார்க்க வருகிறவர்களுக்கும் பேதம் பாராமல், அங்கே வாயிற்கதவைச் சாத்திவிடுகிறார்கள்.